கோட்டு போட்ட மேடம்

அவளுக்கு வகுப்பில் பட்டப்பெயர் கூடக் கிடையாது. ஒருவரைக் கேலி செய்யவும் அவரைக் கொஞ்சமாவது கவனித்திருக்க வேண்டுமே! முன்வரிசை மூலையில் உட்கார்ந்து, மணி அடித்ததும் விடுதி அறைக்குப் போய்விடுகிறவளை யார் கண்டார்கள்? கல்லூரி வாழ்க்கையே அப்படி ஓடிவிட்டது.

கடைசி ஆண்டு, கல்லூரி அரங்கில் வேலைவாய்ப்பு முகாம். அக்காவின் கறுப்புக் கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, கொண்டையும் போட்டுக்கொண்டு தனியாகப் போனாள். மற்றவர்கள் கும்பல் கும்பலாக வந்து, ஒருவர் காலரை ஒருவர் சரிசெய்துவிட்டார்கள். இவளுக்குக் குளியலறைக் கண்ணாடிதான் துணை. 'என்னைப் பற்றி' என்று தொடங்கும் அறிமுகத்தை அதன் முன்னால் நின்றுதான் மனப்பாடம் செய்திருந்தாள். அதை யாராவது ஒருவர் முழுதாகக் கேட்டால் போதும். வேலை கிடைப்பதெல்லாம் அப்புறம்.

கேட்கத்தான் ஆளில்லை. எந்த மேஜைக்குப் போனாலும், வாயைத் திறப்பதற்குள் "வெப்சைட்ல போட்டுடுங்கம்மா, மெயில் வரும்" என்று ஒரு பேனாவைக் கையில் திணித்து அனுப்பினார்கள். பை நிறையப் பேனா சேர்ந்தது. கடையே வைக்கலாம்.

அம்மா போனில் கூப்பிட்டாள். "கூட யாருடி இருக்கா?"

"எல்லாரும் இருக்காங்கம்மா."

"சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா."

இரண்டுமே பொய்.

கால் கடுத்தது. மூலையில் ஒரு நிறுவனம் வராமல் போனதால், பெயர்ப்பலகை இல்லாத மேஜை ஒன்று காலியாகக் கிடந்தது. அதன் பின்னால் போய் உட்கார்ந்தாள். மூச்சு விடக்கூட நேரமில்லை, ஒருவன் வந்து நின்றான்.

"குட் ஆஃப்டர்நூன் மேடம்."

அவள் வகுப்பின் கடைசி பெஞ்ச் 'ஒலிபெருக்கி'. அவன் சிரித்தால் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும். இத்தனை காலம் அவள் முதுகை மட்டுமே பார்த்தவன், கோட்டைப் பார்த்து அவளைக் கம்பெனிக்காரி என்று நினைத்துவிட்டான். கேலி செய்கிறானோ என்று உற்றுப் பார்த்தாள். இல்லை, ரெஸ்யூமை இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினான்.

'நான் உன் கிளாஸ்தான்' என்று சொல்ல வாயெடுத்தாள். 'எந்த கிளாஸ்?' என்று கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் விழுங்கிவிட்டாள். எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"உட்காருங்க. உங்களைப் பத்தி சொல்லுங்க."

அவன் தட்டுத் தடுமாறிச் சொன்னான். அப்பாவுக்கு வேலை போனது, எல்லா மேஜையிலும் அவனை விரட்டியது, கூட்டாளிகள் முன்னால் மட்டும் சிரித்துச் சமாளிப்பது எல்லாம் வந்தது. இடையில் பேசாமல், கடைசிவரை கேட்டாள்.

"நல்லாத்தான் பேசுறீங்க. அவசரப்படாம பேசுங்க, போதும். எங்கிட்ட இப்போ வேலை எதுவும் இல்ல."

அந்த ஒன்று பொய்யில்லை. அவன் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் அவள் தன் மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து ஒலிபெருக்கியின் குரல் கேட்டது.

"ஒரே ஒரு மேடம்தான்டா உக்கார வெச்சு முழுசா கேட்டாங்க. தங்கமான மனுஷி."

"பேராவது கேட்டியா?" என்றான் பக்கத்திலிருந்தவன்.

"நம்மளப் பத்தி சொல்லத்தானேடா போறோம்? அவங்களப் பத்தி யாரு கேப்பாங்க?"

வகுப்பே சிரித்தது. அவள் திரும்பவில்லை. உதட்டுக்குள் 'என்னைப் பற்றி' என்று ஆரம்பித்தாள். அதற்குள் ஆசிரியர் வந்துவிட்டார்.