விலை ஒசந்த சாமானுங்க, பாத்து வெய்யுங்க!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பல் விளக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வாயில் நுரையோடு எடுத்தேன்.

"சார், உங்க பேர்ல இங்கிலாந்துலேர்ந்து ஒரு பார்சல் வந்திருக்கு. கஸ்டம்ஸ் டியூட்டி, எங்க சார்ஜஸ் எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரத்து நானூறு ரூபாய். லிங்க் அனுப்பறேன், கட்டிடுங்க சார்."

கூரியர் கம்பெனிப் பெண். குரலில் அப்படி ஒரு கனிவு. நான் பேஸ்ட்டை முழுங்கிவிட்டேன்.

ஏதோ மோசடிக் கும்பல் என்று நினைத்து, "வேற ஆளைப் பாரும்மா" என்று கட் பண்ணினேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அவள் அனுப்பிய லிங்க்கில் இருந்த பார்சல் நம்பரை, நான் வரவழைத்த பெட்டியின் நம்பரோடு சரிபார்த்தேன். அதே நம்பர்! வெட்கத்தை விட்டு நானே திரும்பக் கூப்பிட்டேன்.

"ஏம்மா... அந்தப் பெட்டியோட விலையே நாலாயிரத்துச் சொச்சம்தானே? அதுக்கா இருபத்தாறாயிரம்?"

"பில்லுல அப்படி இல்லையே சார். பத்து மடங்கு போட்டிருக்கு."

எனக்குப் பகீரென்றது. ஏனென்றால் பத்து மடங்கு போடச் சொன்னதே நான்தான்.

முதலில் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கம்ப்யூட்டர். எண்பதுகளில் செய்தது. கீபோர்டுக்குள்ளேயே மொத்த மிஷினும் அடங்கிவிடும், டிவியில் மாட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பள்ளிகள் சிலவற்றுக்கு அப்படி ஒன்று வந்தது. என் அண்ணன் கணக்கு வாத்தியார். அவர் பள்ளிக்கும் வந்தது. மற்ற வாத்தியார்கள் அதைத் தொடவே பயந்தார்கள். அண்ணன் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்! பள்ளி விட்டு நெடுநேரம் கழித்துத்தான் வீடு திரும்புவார். பிறகு அது பழுதாகி, எடைக்குப் போனது.

அண்ணன் இறந்து ஒன்பது வருஷம். இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம் என்று அண்ணி பீரோவை ஒழித்தபோது ஒரு கேசட் கிடைத்திருக்கிறது. மேலே அண்ணன் கையெழுத்தில் 'கமலா' என்று மட்டும். கமலா, என் அண்ணி.

டேப் ரெக்கார்டரில் போட்டால்... பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. காதைக் கிழிக்கிற 'கீ...ச்'. கம்ப்யூட்டருக்கு எழுதிய புரோகிராமை அப்போது இந்தக் கேசட்டில்தான் பதிந்து வைப்பார்களாம். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் கௌஸ் பாய்தான் சொன்னார். அவரும் அண்ணனிடம் படித்தவர். இப்போதைய கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தார், தேய்ந்துபோன டேப், பிடி கொடுக்கவில்லை. "சார் வெச்சிருந்த மாதிரியே மிஷினு இருந்தா ஒருவேள பேசுங்க" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். "எப்படியாவது பாருங்க தம்பி. எம்பேரப் போட்டு என்னமோ எழுதி வெச்சிருக்கிறாரு. நான் போறதுக்குள்ள அது என்னான்னு தெரிஞ்சிக்கோணும்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்டர்நெட்டில் தேடினேன், இங்கிலாந்தில் ஒரு பெரியவரிடம் அதே மாடல் இருந்தது. நாற்பது பவுண்டு. பணம் கட்டினேன். சுங்கப் படிவத்தில் எழுத விலை சரிதானா என்று ஒரு மரியாதைக்குக் கேட்டிருந்தார்.

இங்கேதான் ஊர்ப் புத்தி வேலை செய்தது.

நம் பக்கம் பஸ்ஸிலோ லாரியிலோ பார்சல் போட்டிருக்கிறீர்களா? பாலக்கோட்டிலிருந்து நான் எத்தனை முறை போட்டிருக்கிறேன்! லோடு ஏற்றுகிறவரிடம் ஐந்நூறு ரூபாய் சாமான் என்று உண்மையைச் சொல்லிப் பாருங்கள். தக்காளிப் பெட்டியை வீசுகிற மாதிரி வீசுவார். "விலை ஒசந்த சாமானுங்க, அம்பதாயிரம், பாத்து வெய்யுங்க" என்று சொல்லுங்கள். இரண்டு கையாலும் ஏந்தி வைப்பார். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. பொய் என்று யாரும் நினைப்பதில்லை.

அதையேதான் அந்த வெள்ளைக்காரருக்கும் எழுதினேன். 'ஐயா, தயவுசெய்து விலை நானூறு பவுண்டு என்று போடுங்கள். அப்போதுதான் பத்திரமாகக் கையாள்வார்கள்.' 'நிச்சயமாகத்தானா?' என்று அவர் இரண்டு முறை கேட்டார். பாவம், அனுபவமில்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை எல்லாம் கூரியர் பெண்ணிடம் விளக்கினேன்.

"விலையைக் குறைச்சுப் போட்டு மாட்டினவங்கள நிறைய பாத்திருக்கேன் சார். ஏத்திப் போட்டு மாட்டினது நீங்கதான் முதல்."

"சரிம்மா, இப்ப நிஜ விலையைப் போட்டுக்கலாமா?"

"அப்ப முதல்ல எழுதினது பொய்யா சார்?"

"இல்லம்மா, இல்ல... அதுவே இருக்கட்டும்" என்று அவசரமாகப் பின்வாங்கினேன். கணக்கு வாத்தியாரின் தம்பி!

விவரப் பட்டியல் வந்தது. டியூட்டி ஒரு பக்கம். அதன் கீழே ஹேண்ட்லிங் சார்ஜ். அதன் கீழே இன்னொன்று... எனக்குப் பதிலாக அவர்களே வரியைக் கட்டுவார்களாம், அந்த உதவிக்குக் கட்டணம். நான் உதவி கேட்டேனா? அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. வேறு! கடைசியில் குடோன் வாடகை, நாள் கணக்கில். நான் அதிர்ச்சியில் உட்கார்ந்திருந்த நாளுக்கும் வாடகை ஓடியது.

இதில் இன்னொரு சிக்கல். பழைய கம்ப்யூட்டர் என்றால், வெளிநாட்டுக் குப்பையை இங்கே கொட்டப் பார்க்கிறார்களோ என்று சுங்கத்தில் சந்தேகப்படுகிறார்கள். நியாயமான சந்தேகம்தான். விளக்கக் கடிதம் கேட்டார்கள். அதற்கான விவரங்களை அந்தப் பெண்ணே போனில் கேட்டாள்.

"மெமரி எவ்வளவு சார்?"

"முப்பத்திரண்டு."

"ஜிபியா?"

"கேபிம்மா."

"...எம்பி சார்?"

"கேபி! உன் போன்ல ஒரு குட்மார்னிங் படம் வருதில்ல, அதுகூட இதுல கொள்ளாது."

வெறுத்துப்போய், "பார்சலே வேண்டாம்னு விட்டுட்டா?" என்று கேட்டேன். "திருப்பி அனுப்பணும்னா உங்க செலவு சார். இல்லன்னா அழிச்சிடுவாங்க" என்றாள், அதே கனிவோடு.

அழித்துவிடுவார்களா! தூக்கிவாரிப் போட்டது. தினமும் காலையில் அதியமான்கோட்டையிலிருந்து அண்ணி போன் செய்வார். ஒரே கேள்வி. "வந்துருச்சுங்களா தம்பி?" அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? கடிதத்தை எழுதி அனுப்பினேன். கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கட்டினேன். வீட்டில் தொகையைச் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

பத்தாம் நாள் பெட்டி வந்தது. ஒரு மூலை நசுங்கி! ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு வாங்கினார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். நல்லவேளை, உள்ளே அந்தப் பெரியவர் பழைய கம்பளியைச் சுற்றி வைத்திருந்தார்.

அண்ணியை அழைத்துக்கொண்டு கௌஸ் பாய் கடைக்குப் போனேன். பழைய டியூப் டிவி ஒன்றில் மிஷினை மாட்டினார். கேசட்டை ஓட்டினார். இரண்டு முறை பாதியில் நின்றது. மூன்றாம் முறை, திரையில் வெள்ளை எழுத்து. அதற்குத் தமிழ் தெரியாதே... ஆங்கில எழுத்தில் தமிழ். 'உன் பெயர் என்ன?'

பாய் தன் பெயரைத் தட்டினார்.

'கௌஸ், வீட்டுப்பாடம் போட்டாயா?'

ஐம்பத்து மூன்று வயது மனிதர், நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "இன்னும் இல்லீங் சார்" என்று வாய் தானாகச் சொன்னது.

நான் என் பெயரைத் தட்டினேன். எனக்கும் அதே வீட்டுப்பாடம்தான். பையன்களை மிரட்ட எழுதிய புரோகிராம் போலிருக்கிறது. இதற்கா இவ்வளவு பாடு? எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"எம்பேரப் போடுங்க தம்பி" என்றார் அண்ணி.

கமலா என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். திரை ஒரு கணம் வெறுமையாக இருந்தது.

'கமலா, சாப்பிட்டியா?'

அண்ணிக்கு நானே படித்துச் சொன்னேன். அவர் மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி படித்தேன். அழுவார் என்று நினைத்தேன். கோபம் வந்துவிட்டது!

"ஏந்தம்பி... நான் பக்கத்துலயேதானே இருந்தேன்? முப்பது வருசத்துக்கு மேல இந்த மனுசனுக்கு ஆக்கிப் போட்டிருக்கிறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வாயத் தொறந்து நீ தின்னியான்னு கேட்டதில்ல. இதக் கேக்கறதுக்கு இவருக்கு ஒரு மிஷினு வேணுமா?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பாய் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினார்.

"வேண்டாங்க பாய்" என்றார் அண்ணி, முகத்தை மூடியபடியே. "அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கட்டும்."

அந்த நேரத்தில் இருபத்தாறாயிரத்து நானூறு எனக்கு மறந்துபோனது என்று எழுதினால் அழகாக இருக்கும். மறக்கவில்லை. ஆனால் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேனா என்றால், மாட்டேன்.

வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சாப்பிட்டியா?"

அவள் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. "என்னாங்க ஆச்சு? டாக்டர் எதுனா சொன்னாருங்களா?"