பாலத்து வேலையை நிறுத்திய எங்கள் ஆச்சி

என்னுடன் பிறந்த அக்காவை எங்கள் ஊர் வழக்கப்படி ஆச்சி என்றே அழைத்தேன். இந்த நினைவு மலரிலும் அப்படியே அழைக்கிறேன்.

ஆச்சி பிறந்ததும் படித்ததும் காரைக்குடியில். கணிதத்தில் பட்டம் பெற்று, மணமாகிச் சென்னை சென்றார்கள். மகன் நடை பழகும் முன்பே அத்தானைப் பறிகொடுத்தார்கள். பிறகு, பாலங்களுக்குக் கணக்குப் போடும் ஓர் அலுவலகத்தில் தற்காலிகப் பணியில் சேர்ந்தார்கள். அங்கே ஓர் அறையையே அடைத்துக்கொண்டு பழைய மெயின்பிரேம் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஆச்சி பாஸ்கல் மொழியில் எழுதும் புரோகிராமை, கம்பைலர் அந்த இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பிவிடும். "நம்ம ஆத்தாவைவிடக் கண்டிப்புடா" என்று சிரிப்பார்கள்.

புரோகிராம் ஓடும்போது அட்டவணைகளின் எல்லையை மீறுகிறதா என்று சோதிக்கும் வசதியும் அந்தக் கம்பைலரில் உண்டு. சோதித்தால் நேரம் கூடும். பலர் காத்திருந்து பயன்படுத்தும் இயந்திரம் என்பதால், ஒரு பாலத்தின் கணக்கை ஆச்சி சோதனையில்லாமல் ஓட்டினார்கள். விடை வந்தது, வரைபடம் போயிற்று, பாலம் கட்டுபவர்கள் அடித்தளம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஆச்சிக்கு மனம் ஒப்பவில்லை. இயந்திரம் ஓய்வாக இருந்த ஒரு மதியம், சோதனையோடு மீண்டும் ஓட்டினார்கள். பாதியில் நின்றுவிட்டது. சுமைகளின் அட்டவணை முடிந்த பிறகும் புரோகிராம் அதைத் தாண்டிப் போய், சம்பந்தமில்லாத எண்ணைச் சுமையாக எடுத்துக்கொண்டிருந்தது. தூண்கள் தாங்க வேண்டிய பாரம் உள்ளதைவிடக் குறைவாக வந்திருந்தது.

வேறு யாருக்கும் தெரியாது. பணி நிரந்தரமாகும் உத்தரவு வரவிருந்த நேரம். ஆச்சி அன்றே அதிகாரியிடம் போனார்கள். "தப்பு என்னோடது சார். வேலையை நிறுத்தச் சொல்லுங்க."

வேலை நின்றது. தூண்களைத் திருத்தி வரைந்தார்கள். ஆச்சிக்கு அந்த உத்தரவு வரவேயில்லை.

மகனோடு ஊர் திரும்பியபோது நான் கோபமாகக் கேட்டேன். "ஏன் ஆச்சி போய்ச் சொன்னீக? பேசாம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்டா தம்பி. பெறகு பஸ்ஸுல எந்தப் பாலம் வந்தாலும் கண்ண மூடிக்கிட்டுல்ல போகணும்?"

தேவகோட்டையில் கணித ஆசிரியையாகி, ஓய்வு பெறும்வரை பஸ்ஸில் போய் வந்தார்கள். மகனைப் படிக்கவைத்து ஆளாக்கினார்கள். பழைய வேலைக்காக ஆச்சி வருந்தியதே இல்லை என்று எழுதினால் அது பொய். யாராவது கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தால், சற்று நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

கடந்த ஆண்டு சிறுநீரகம் செயலிழந்தது. வலியிலும் முகம் சுளிக்காமல் இருந்து, அமைதியாகச் சிவனடி சேர்ந்தார்கள்.

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், மதுரைக்கு அழைத்துச் சென்ற கார் ஓட்டுநருக்கும், துக்கத்தில் தோள்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அடுத்த வீட்டுப் பாத்திமா அம்மாளுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. கடைசி நாள் காலையில் அவர்தான் ஆச்சிக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். "இப்பப் பாருங்க ஆச்சி, ஆபீசுக்குக் கெளம்புன மாதிரி இருக்கீக" என்றார். ஆச்சி சிரித்தார்கள். அந்த முகத்தைத்தான் நாங்கள் கடைசியாகப் பார்த்தோம்.