மன்னிப்பு என்கிற சாட்சி

எனக்குச் சந்தேகப் புத்தி. கடையில் நிறுத்துத் தரும் தக்காளியை வீட்டுத் தராசில் மறுபடி போட்டுப் பார்க்கிற ஆள் நான். என் வீட்டுக்காரர் நேரெதிர். யாரைக் கண்டாலும் ஒரு கும்பிடு, எதற்கெடுத்தாலும் ஒரு "மன்னிச்சுக்கோங்க".

பெருந்துறையில் வேலை முடிந்து சூலூர் வந்து சேர்ந்ததும் அவருக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு, டிவியோடு இணைத்த கேம் பெட்டியில் கார் ஓட்டுவதுதான். பெட்டியும் சரி, அதிலுள்ள விளையாட்டுகளும் சரி, காசு கொடுத்து வாங்கியவை. ஒரு சனிக்கிழமை எல்லாம் சேர்ந்து முடங்கின. அவருடைய கணக்கை நிரந்தரமாகத் தடை செய்துவிட்டதாகக் கம்பெனியிலிருந்து மெயில். காரணம் விதிமீறலாம். எந்த விதி, எப்படி மீறினார், ஒரு வார்த்தை இல்லை. கணக்கு இல்லாமல் பெட்டியும் வேலை செய்யாது.

"நெசமாச் சொல்லுங்க. குறுக்கு வழியில ஏதாச்சும் செஞ்சுபோட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் அம்மணி, நான் போயி அப்படியெல்லாம் செய்வனா?"

அரை மனதாக நம்பினேன். அன்றே அவர் கம்பெனிக்கு எழுதினார். மறுநாளே பதில் வந்தது. தவறை ஒப்புக்கொண்டதற்கு நன்றி, முடிவில் மாற்றமில்லை என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எழுதியதை வாங்கிப் படித்தேன். கடைசி வரி: 'என் பக்கம் தவறு ஏதும் இருந்தால் மன்னிக்கவும்.'

"செய்யாத தப்புக்கு எதுக்குங்க மன்னிப்பு?"

"அது ஒரு மருவாதிக்கு எழுதுனது."

மரியாதையாம்! அதற்குப் பிறகு கம்பெனி மேல் ஒரு கண், இவர் மேல் ஒரு கண். போனைக் கவிழ்த்து வைத்தால்கூட உறுத்தியது. கட்டிய புருஷனை இப்படி வேவு பார்ப்பது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பார்த்தேன்.

கோவை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டோம். கம்பெனி வக்கீல் எழுந்து அந்தக் கடைசி வரியை மட்டும் வாசித்தார். "அவரே மன்னிப்புக் கேட்டிருக்காருங்க. தப்பில்லாம யாராச்சும் கேப்பாங்களாங்க?" பேச்சிலேயே அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான் என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இவர் நிஜமாகவே ஏதோ செய்திருக்கிறாரோ?

விசாரணை தள்ளிப்போனது. வெளியே வந்து நின்றோம். அந்த வக்கீல் எங்களைத் தேடி வந்து கைகூப்பினார்.

"உள்ள ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க."

"ஏனுங்க, நீங்க என்ன தப்புப் பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலீங்க. ஒரு மருவாதிக்குச் சொல்றதுதானுங்க."

"இதையே அடுத்த வாய்தாவுல உள்ள வந்து சொல்லுங்க" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் என் வீட்டுக்காரர் அவசரமாகக் கைகூப்பினார். "அம்மணி பேசுனதை மனசுல வெச்சுக்காதீங்க. மன்னிச்சுக்கோங்க."

இந்த மனுஷனையா இத்தனை நாள் சந்தேகப்பட்டேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.