வெள்ளரிக்கு அடித்த சாறு

நான் ஒரு சோதனை முடிவை மறைத்தேன். அதனால் ஒரு குழந்தை மெலிந்தது. இல்லை, மெலிந்திருக்கலாம்... அந்த 'லாம்' என்ற சொல்லுக்குள்தான் ஒளிந்துகொண்டிருக்கிறேன்!

இராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியை நான். செண்பகத்தோப்பு அடிவாரத்தில் வளரும் ஒரு செடியின் இலைச்சாறு, பயிரைத் தின்னும் புழுவின் குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதியை முடக்கிவிடும். புழு தின்னும்... தின்றுகொண்டே பட்டினியால் சாகும்! இதைக் கண்ட நாளில் நான் எப்படிப் பூரித்தேன் தெரியுமா உங்களுக்கு?

பிறகு ஆட்டுக் கணையத்து நொதியிலும் சோதித்தேன். அதுவும் முடங்கியது. ஆட்டுக்கே இப்படியென்றால் மனிதனுக்கு...? சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். மேடைகளில் என்னைப் புகழத் தொடங்கியிருந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அந்தோணி என்பவர் வெள்ளரி போட்டிருந்தார். நான் கொடுத்த சாற்றைத் தெளித்தார்.

"ஒத்தப் புழு இல்ல, மேடம்!" என்று சிரித்தார்.

சமைத்தால் சாற்றின் வீரியம் போய்விடும் என்று மனத்தைத் தேற்றப் பார்த்தேன். வெள்ளரியை யார் சமைக்கிறார்கள்?

அடுத்த முறை போனபோது அவர் மனைவி செல்வராணி மகளைத் தூக்கி வந்தாள். கன்னம் ஒட்டிக் கிடந்தது.

"எம்புட்டுத் தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது, மேடம். நாள் பூரா வெள்ளரிக்காயும் கையுமாத்தான் திரியுறா."

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? "டாக்டர்ட்ட காட்டுங்க" என்றேன். அவ்வளவுதான்! டாக்டர் குடற்புழுவுக்கு மாத்திரை கொடுத்தார். அவரும் பாவம், கேட்கத் தெரியாததை எப்படிக் கேட்பார்?

செடி கிடைக்கவில்லை என்று இன்னொரு பொய் சொல்லி, சாறு கொடுப்பதை நிறுத்தினேன். சில வாரங்களில் குழந்தை தேறினாள். நீங்கள் மகிழலாம். எனக்கோ அன்றுதான் பயம் முழுதாய்ப் பிடித்தது... நிறுத்தியதும் தேறினாள் என்றால்?

நேற்று அந்தோணி போனில் அழைத்தார்.

"செடிய நானே கண்டுபிடிச்சிட்டேன், மேடம்! அரைச்சு அடிச்சாச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரவியளும் கேட்டாவ, குடுத்தேன். அடுத்த வாரம் காய் சந்தைக்குப் போகுது."

"மேடம், லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன்" என்றேன்.

அதற்குமேல் நா எழவில்லை... இன்னும் எழவில்லை.