பட்டுக்குக் காய்ச்சிய கஞ்சி

பாலும் தயிரும் இனி வேண்டாம், பூச்சியைக் கொன்று எடுக்கிற பட்டும் வேண்டாம் என்று மகள் சொன்ன நாளிலிருந்து, நெசவுக்கார வீட்டில் இவளுக்கென்று வேறு என்னதான் இருக்கிறது என்று எனக்கு உள்ளூர எரிச்சல். இன்று அவளுக்குக் காய்ச்சல். கஞ்சி வைத்தேன். அரிசி குழைந்து எழுந்த வாசனையில் எங்கள் புளியந்தோப்பு வந்து நின்றது.

இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். அன்றெல்லாம் விடிந்ததும் மரத்துக்கு மரம் பட்டு இழைகளைப் பாவாக நீட்டிக் கட்டி, அறுந்துவிடாமலிருக்க உப்பில்லாத கஞ்சித் தண்ணீரைத் தடவியபடி அப்பா முன்னும் பின்னும் நடக்க, ஈர நூலும் புளிய இலையும் சேர்ந்து மணக்க, தெருவே அங்கு நின்று பேசிக்கொண்டிருக்கும். ஒருநாள் வீட்டுக் கஞ்சி என்று நினைத்து நூல் கஞ்சியில் அம்மா உப்பைப் போட்டுவிட்டாள். உப்பு பட்ட இழை சரியாகக் காயாது. அப்பா அண்டாவைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"வுடுமா, இன்னிக்கு நாமளே குடிச்சிக்கலாம்."

பக்கத்துவீட்டு பாய் வேர்க்கடலைத் துவையல் கொண்டுவந்தார். தோப்பே உட்கார்ந்து குடித்தது.

அதே துவையலை அரைத்து மகளுக்கு வைத்தேன்.

"மோர் ஊத்தலையேமா?"

"இது பட்டுக்குப் போடுற கஞ்சி. அதுல எவன் மோர் ஊத்துவான்?"

கதையைக் கேட்டுக்கொண்டே குடித்தாள். பட்டு வேண்டாமென்றவள், கிண்ணத்தை மறுபடி நீட்டினாள்.