மாரமங்கலம் பஸ்ஸில் பிளாக்செயின்

ஐநூறு ரூபாய்க்கு பிட்காயின் வாங்கியதை இன்று காலை மாரமங்கலம் பஸ்ஸில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"பிளாக்செயின்தான் புரியலைங்க அக்கா. ஒரே கணக்கு எல்லாருகிட்டயும் இருக்குமாமுங்க. அப்புறம் யாராலயும் மாத்த முடியாதாமுங்க."

"அதெப்படி கண்ணு?" என்றார் அக்கா. முன் சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏற்காட்டில் இறங்கி, தபால் ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் மளிகை வாங்கப் போனேன்.

கடைக்கார பாய் சர்க்கரையை நிறுத்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்க, அஞ்சாயிரத்துக்கு பிட்காயின் வாங்கிட்டீங்களாமா?"

"ஐநூறுதானுங்க பாய்."

"அஞ்சாயிரம்னுதானுங்க எல்லாருஞ் சொல்றாங்க."

பூக்கடை அக்காவும் அஞ்சாயிரம் என்றார். ஆட்டோக்காரரும் அதையேதான் சொன்னார். யாரிடமும் என்னால் திருத்த முடியவில்லை.

பிளாக்செயின் நன்றாகவே புரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஃபேஸ்புக்கில் இல்லை. ஏற்காட்டு நண்பர்கள் அவரைப் பார்த்தால் தயவுசெய்து ஐநூறு என்றே சொல்லுங்கள்.