சொல்லப்படாத பாங்கு

கலீலுல்லா விழுந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன ரமலானில், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தபோது, ரோட்டில் மூடாமல் விட்டிருந்த பள்ளத்தில் ஸ்கூட்டர் இறங்கியது. ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கியது. மும்பை தாராவிக்குள் ஓட்டுகிறவர்கள், சயான் சிக்னலில் போலீஸ் தெரிந்தால்தான் அதைத் தலையில் மாட்டுவார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, "கஞ்சி சிந்திருச்சே" என்றதும் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

வீட்டில் பேரீச்சம்பழம் தின்றதும் வாந்தி. கண் சொருகியது. "நாள் பூரா வெறும் வயிறுல்லா, அசதி. தூங்கட்டும்" என்றாள் மனைவி மெஹராஜ். வேறு மாதமாக இருந்தால் பயந்திருப்பாள். காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மனம் அதற்கு அப்பால் தேடுவதில்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பியபோது அவர் எழவில்லை.

ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து, உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். உயிர் தங்கியது. பேச்சும் நடையும் ஓரளவு திரும்பின. நோன்பு திறக்க, பள்ளிவாசலின் தொழுகை அழைப்புக்குக் காத்திருந்த அந்தச் சாயங்காலம் மட்டும் அவருக்குள் முடியவே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன் கேட்பார்: "பாங்கு சொல்லியாச்சா?"

மெஹராஜின் அண்ணன் கரீம் பாட்சாவின் தோல்பைப் பட்டறையில் தோல் வெட்டுவது கலீலுல்லாவின் வேலை. இத்தனை மாதம் அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்த கரீம் பாட்சா, இனி வேறு ஆள் போட வேண்டும் என்றார். "ஒரே ஒரு தடவ வெட்டிப் பாக்கட்டும் காக்கா" என்று அண்ணனிடம் கெஞ்சி, மெஹராஜ் ஒரு காலையில் அவரை அழைத்துப்போனாள்.

தோலைத் தொட்டதும் கை விழித்துக்கொண்டது. உள்ளங்கையால் தடவி, தழும்பை ஒதுக்கி, அட்டை அச்சை வைத்தார். கத்தி பிசகாமல் போனது.

"மச்சான், இத்தன நாளு எங்கள நல்லா ஏமாத்திட்டீரு!" என்றார் கரீம் பாட்சா. மெஹராஜுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பாதி வளைவில் கத்தி நின்றது.

"பாங்கு சொல்லியாச்சா?"

"காலைல பதினோரு மணி மச்சான். வெட்டும்."

"நோம்பு தொறக்குற நேரத்துல எவனாச்சும் கத்தியத் தொடுவானா? நீரும் உக்காரும். இப்பச் சொல்லிருவாங்க."

கத்தியை வைத்துவிட்டு, மடியில் கைகளைக் கோத்துக் காத்திருந்தார். வீட்டில் மெஹராஜ் ஒவ்வொரு முறையும் மல்லுக்கு நிற்பாள்: நோன்பு எப்போதோ முடிந்துவிட்டது என்பாள். இன்று பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தாள்.

"சொல்லியாச்சுங்க."

அவர் முணுமுணுவென்று துஆ ஓதிப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். மெஹராஜ் கத்தியை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள்.

"வேற ஆளப் பாத்துக்கிடுங்க காக்கா."

கரீம் பாட்சா கத்தியை வாங்கவில்லை. அவள் அதை மேஜையில் வைத்தாள். பழத்தை மென்று முடித்த கலீலுல்லா, வாசல் பக்கம் திரும்பிக் காதைக் கொடுத்தார்.